ஒராளுக்கு வேண்டிய சாதிக்காய்

எங்கள் அடுத்த வீட்டுக்காரருடைய நாட்டுக் கொடியில் ஒரு சாதிக்காய் இருக்கிறது. பகிடிக்குச் சொல்லவில்லை. சிங்கம், கழுகு, வாள் என்று ஆளாளுக்குக் கொடியில் எதையாவது போட்டு ஊரை வெருட்டிக்கொண்டிருக்க, கரீபியன் கடலில் கிடக்கும் கிரெனடா என்ற அந்தச் சின்னத் தீவு மட்டும் தன் கொடியின் ஒரு பக்கத்தில் வெடித்த சாதிக்காயொன்றை வரைந்து வைத்திருக்கிறது. அவர் அதை முதன்முதல் எனக்குக் காட்டியபோது நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "உன்னுடைய கொடியில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். அந்தக் கதை இப்போது எதற்கு என்று நான் தேநீர் போடப் போய்விட்டேன்.

தோர்ண்டன் ஹீத்தில் அவருடைய வீட்டுக்கும் எங்களுடைய வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். லண்டனில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகித் தனியாக இருந்தார். மேல்கோட்டுப் பையில் எந்நேரமும் ஒரு சாதிக்காயும் விரலளவில் ஒரு துருவியும் இருக்கும். ஓட்ஸ் கஞ்சியில் துருவுவார், தேநீரில் துருவுவார், ரம்மில் கட்டாயம் துருவுவார். ஒருநாள் என் மனைவி கொடுத்த பருப்புக் கறியிலும் ஒரு வார்த்தை கேட்காமல் துருவிவிட்டார். நான் முகத்தைச் சுளித்தேன். மனைவி ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்துப் பார்த்து, "பரவாயில்லை" என்றாள்.

2004இல் அவருடைய தீவில் பெரும்புயல் அடித்தது. சாதிக்காய் மரங்களில் பெரும்பகுதி வேரோடு சாய்ந்துவிட்டது. ஒவ்வொரு வருடமும் யாராவது பயணியின் கையில் அவருக்குச் சாதிக்காய் கொடுத்துவிடும் தங்கையின் தோட்டத்தில் ஒரு மரமும் மிஞ்சவில்லை. கையிருப்பு அடுத்த வருடம் குளிர் தொடங்கும்வரை தாங்கியது. பிறகு கடைசிக் காயைத் துருவ மனமில்லாமல் சும்மா மணந்து பார்த்துவிட்டுப் பைக்குள் போடத் தொடங்கினார். சூப்பர்மார்க்கெட்டில் இருக்கிறதே என்று நான் ஒரு போத்தல் வாங்கிக் கொடுத்தேன். திறந்து மணந்து பார்த்து, மரத்தூள் என்று சொல்லித் திருப்பித் தந்தார். புதிதாக நட்டால் காய்க்க எவ்வளவு காலம் என்று கேட்டேன். ஏழெட்டு வருடம் என்றார். தனக்கு எழுபத்தைந்து வயது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

எங்கள் தீவிலும் சாதிக்காய் உண்டு, கண்டிப் பக்கம் நன்றாக விளையும், நான் எடுப்பித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். எல்லாம் அதில்தான் தொடங்கியது.

அதற்கு முதல் எங்கள் வீட்டுச் சங்கதி ஒன்றைச் சொல்லவேண்டும். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு வருடம். பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் எல்லாச் சோதனையும் செய்தார்கள். கடைசியில் டொக்டர் எங்களை இருத்தி, இரண்டு பேரிலும் ஒரு குறையும் இல்லை, காரணம் தெரியாதது என்று ஒரு வகை இருக்கிறது, நீங்கள் அந்த வகை என்றார். தெரியாது என்பதையே ஒரு வியாதியின் பெயர் மாதிரி அத்தனை மரியாதையாகச் சொன்னார். காரணம் தெரியாது என்று இங்கிலாந்து சொல்லலாம். இல்ஃபோர்ட் சொல்லாது.

இல்ஃபோர்டில் மனைவியின் பெரியம்மா இருந்தார். மனைவியின் தாய் தகப்பன் ஊரில். லண்டனில் அவளுக்கு இருந்த சொந்தமெல்லாம் பெரியம்மாவும் அவரைச் சுற்றியிருந்த ஒரு பெரிய கூட்டமும்தான். கல்யாணம், பிறந்தநாள், கோயில் என்று எங்கே போனாலும் அந்தக் கூட்டம் அவளை வளைத்துக்கொண்டு, "என்ன பிள்ளை, இன்னும் விசேஷம் ஒண்டும் இல்லையோ?" என்று கேட்கும். நானும் பக்கத்தில்தான் நிற்பேன். என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. என்னிடம் பெற்றோல் விலை ஏன் ஏறுகிறது என்று கேட்பார்கள், நான் பெற்றோல் ஸ்டேஷனில் வேலை செய்தபடியால்.

ஒரு குழந்தையின் முப்பத்தோராம் நாளுக்குப் போயிருந்தோம். குழந்தையைக் கைமாற்றிக் கைமாற்றித் தூக்கிக்கொண்டிருந்தார்கள். மனைவி கையை நீட்டியபோது மட்டும் தாய்க்காரி, "அவனுக்கு நித்திரை வருதக்கா" என்று உள்ளே கொண்டுபோய்விட்டாள். குழந்தை கண்ணை முழுசிக்கொண்டு போனது. அன்றிலிருந்து மனைவி ஒரு விசேஷத்துக்கும் போவதில்லை. தலையிடி, வேலை, பஸ் ஓடாது என்று ஏதாவது சொல்வாள். பெரியம்மாவின் பேத்தி பெரியபிள்ளையாகிவிட்டாள், சாமத்திய வீடு வரப்போகிறது என்று செய்தி வந்தபோதும், "நான் வரேல்லை. நீங்கள் மட்டும் போட்டு வாங்கோ" என்றாள். அவளுக்கென்று இந்த ஊரில் இருந்த ஒரே கூட்டத்தை அவள் ஒவ்வொரு சாட்டாகச் சொல்லி இழந்துகொண்டிருந்தாள். எனக்கு அது தெரிந்தது. என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

சரி, சாதிக்காய்க்கு வருகிறேன்.

கொழும்பிலிருந்து லண்டனுக்குச் சாமான் வருவது கப்பலில் என்று நினைப்பவர்களுக்கு எங்கள் ஆட்களைத் தெரியாது. "ஆரும் வருகினமோ?" என்ற ஒரு கேள்வியில்தான் எங்கள் இறக்குமதி முழுவதும் நடந்தது. விமானம் ஏறுகிறவரின் சூட்கேசில் பாதிக்கு மேல் அடுத்தவர்களுடைய மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் பனங்கட்டியும். மாட்டேன் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. பதிலுக்கு ஒரே ஒரு உரிமை அவருக்கு உண்டு. எதற்கு என்று கேட்பார்.

எங்கள் பெற்றோல் ஸ்டேஷன் மனேஜர் நல்ல மனிதர், எங்கள் ஊர்ப் பக்கத்தவர். மூன்று கிழமை லீவில் கொழும்பு போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, வரேக்கை கொஞ்சம் சாதிக்காய் கொண்டுவர ஏலுமோ?"

"அதுக்கென்ன. எவ்வளவு?"

"ஒரு கிலோ எண்டாக் காணும்."

சிகரெட் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். "ஒரு கிலோவோ! என்னத்துக்குத் தம்பி?"

பக்கத்து வீட்டுக் கிரெனடாக்காரருக்கு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சொந்த மச்சானுக்கே கால் கிலோ கூடினால் முணுமுணுக்கிறவர்கள், முன்பின் தெரியாத ஒருவர் தேநீரில் துருவிக் குடிப்பதற்காக ஒரு கிலோ சுமப்பார்களா? ஆகவே நான் மழுப்பினேன்.

"எனக்கில்லை அண்ணை. ஒராளுக்கு."

எங்கள் ஆட்களிடம் இப்படிச் சொல்வதும் நீதவான் முன்னால் குற்றத்தை ஒப்புக்கொள்வதும் ஒன்றுதான். அவர் என்னை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். பிறகு மிக மெதுவாக, "கொண்டுவாறன்" என்றார்.

கொண்டுவந்தார். கடைக்குப் பின்னால் பொரியல் பெட்டிகளும் எஞ்சின் ஒயிலும் அடுக்கியிருக்கும் அறைக்கு என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ஒரு பை நிறையச் சாதிக்காய். பையை என் கையில் வைத்து, அந்தக் கையைத் தன் கையால் மூடினார்.

"தம்பி, ஒண்டுக்கும் யோசிக்காதை. இது கனபேருக்கு இருக்கிற பிரச்சினைதான்."

"எது அண்ணை?"

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. மனுசிக்கு மட்டும்தான் சொன்னனான். படுக்கப் போக முன்னம் பாலிலை உரைச்சுக் குடி. ஒரு மண்டலம் விடாமல் குடிக்கவேணும்."

எனக்கு அப்போதும் ஏறவில்லை. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தபோதுதான் ஏறியது. சாதிக்காயைப் பாலில் உரைத்துக் குடித்தால் ஆண்களின் பலவீனம் தீரும் என்பது எங்களில் எல்லாருக்கும் தெரிந்த கைவைத்தியம். எனக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக்காரரின் கடைசிக் காயையே நினைத்துக்கொண்டிருந்ததில் மறந்துபோய்விட்டேன். கல்யாணமாகி நான்கு வருடம், பிள்ளை இல்லை, ஒரு கிலோ சாதிக்காய், எனக்கில்லை ஒராளுக்கு. நானே மனேஜராக இருந்திருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

எனக்கு மூக்கு நுனியில் கோபம். அடுத்த நாள் வேலைக்குப் போன கையோடு அவரைப் பிடித்தேன்.

"அண்ணை, நீங்கள் பிழையா விளங்கிப் போட்டியள். அது பக்கத்து வீட்டுக்காரருக்கு."

"ஓம் ஓம். அவருக்கு என்ன வயசு?"

"எழுபத்தைஞ்சு."

"எழுபத்தைஞ்சிலையோ!" என்று கண்ணை அகல விரித்தார். பிறகு என் தோளில் தட்டினார். "சரி தம்பி, அந்த ஆளுக்குத்தான் எண்டு வைப்பம்."

அடுத்த வீட்டில் கதை வேறு. அவர் ஒரு காயைக் காதருகே குலுக்கினார். ஓட்டை உடைத்தார், துருவினார், மணந்தார், கண்ணை மூடினார். தன்னுடைய ஊர்க் காய் இல்லை, ஆனால் அதற்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று தீர்ப்புச் சொன்னார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கண்டு, மனேஜர் எதையாவது நினைத்துவிட்டுப் போகட்டும் என்று நானும் ஆறிவிட்டேன்.

மனேஜரோடு அது நின்றிருந்தால் சரி. மனேஜரின் மனைவி பெரியம்மாவோடு கோயிலில் ஒன்றாகப் பூக்கட்டுகிறவர். இரண்டு கிழமையில் கொழும்பிலிருந்து வந்த இன்னொருவர், முன்பின் தெரியாதவர், வீடு தேடி வந்து ஒரு பார்சல் தந்தார். "எல்லாம் சரிவரும்" என்றார். பாரிஸிலிருந்து பஸ்ஸில் வந்த ஒரு தம்பி வாசலிலேயே தந்துவிட்டு, என் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு ஓடினான். ரொறொன்ரோவிலிருந்து தபாலில் வந்தது. சுவிஸிலிருந்து வந்தவை சொக்லேட் பெட்டிக்குள், ஒரு நிரை சொக்லேட், ஒரு நிரை சாதிக்காய் என்று வந்தன. சண்டையில் சிதறி, வாடகையிலும் சீட்டுக் காசிலும் ஆளுக்காள் கோபித்துக்கொண்டு, ஒரு கோயில் கமிட்டியைக்கூட ஒற்றுமையாக நடத்தத் தெரியாத எங்கள் சனம், என் ஆண்மையைக் காப்பாற்றுவதில் மட்டும் கண்டம் விட்டுக் கண்டம் ஒன்றுபட்டு நின்றது. இல்லை, வேண்டாம், எனக்கில்லை என்று நான் சொல்லச் சொல்ல இன்னும் வந்தது. மறுப்பவனுக்குத்தான் வியாதி முற்றிவிட்டது என்று முடிவு கட்டியிருந்தார்கள் போலும்.

எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் போனது. அவர் தனக்குத் தேவையானதை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தன் தேவாலயத்தில் பகிர்ந்தார், டொமினோ விளையாடும் கூட்டாளிகளுக்குக் கொடுத்தார். தென் லண்டனில் இருந்த கிரெனடாக்காரர்கள் எல்லாருக்கும் அந்தக் குளிர்காலம் கண்டிச் சாதிக்காயில்தான் கழிந்தது என்று நினைக்கிறேன். வீதியில் தொப்பி வைத்த பெரியவர்கள் என்னைக் கண்டு தொப்பியைத் தூக்குவார்கள். வீதியின் மறுபக்கம் போகும் தமிழர்கள் என்னைக் கண்டு பெருமூச்சு விடுவார்கள். இரண்டு மரியாதையும் ஒரே பொருளால் வந்தது.

என் மனைவிக்கு இது எதுவும் தெரியாது. சாமான்கள் வருவது தெரியும், அடுத்த வீட்டுக்குப் போவதும் தெரியும். சனம் என்ன நினைத்தது என்பதை நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? ஒரு சனிக்கிழமை பின்னேரம் பெரியம்மாவிடமிருந்து தொலைபேசி வந்தது. மனைவி வெகுநேரம் "ஓம் பெரியம்மா", "ஐயோ இல்லைப் பெரியம்மா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பெரியம்மா அழுறா."

"ஏன்?"

"நாலு வருசமா நான் வாய் திறக்காமல், உங்களைக் காட்டிக்குடுக்காமல், எல்லாற்ற பேச்சையும் கேட்டுக்கொண்டு இருந்தனானாம். தன்னட்டை எண்டாலும் சொல்லியிருக்கலாமாம்." கொஞ்சம் பொறுத்து, "சாதிக்காய் வேலை செய்யுதோ எண்டும் கேட்டவ" என்றாள்.

பிறகு சிரித்தாள். கதிரையில் இருக்க முடியாமல், நிலத்தில் இருந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ மாதமாகிவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய நான் பொங்கினேன். நாளைக்கே இல்ஃபோர்ட் போகிறோம், அடுத்த வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போகிறோம், ஆளைக் கண்ணால் காட்டினால்தான் இந்தச் சனம் நம்பும் என்று கத்தினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

அவர் கோட்டு சூட்டுப் போட்டு, தொப்பி வைத்து, பெரியம்மாவுக்குக் கொடுக்கவென்று தானே காய்ச்சிய சாதிக்காய் எண்ணெயில் ஒரு சின்னப் போத்தலும் எடுத்துக்கொண்டு எங்களோடு ரயிலேறினார். எதற்குப் போகிறோம் என்று நான் விளக்கமாகச் சொல்லவில்லை. சாதிக்காய் அனுப்பியவர்களுக்கு நன்றி சொல்ல என்று நினைத்திருந்தார்.

பெரியம்மா அவரைக் கண்டதும் எழுந்து கும்பிட்டார். நல்ல கதிரையில் இருத்தி, பற்றிஸ் பொரித்துக் கொண்டுவந்து வைத்தார். அவர் பையிலிருந்து சாதிக்காயையும் துருவியையும் எடுத்துப் பற்றிஸில் துருவினார். பெரியம்மா மூச்சுக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இவர்தான் உம்மைப் பாக்கிற வைத்தியரோ?"

நான் தலையிலடித்துக்கொண்டேன். ரயில் நிலையங்களில் காதல், கடன், தீராத வியாதி எல்லாவற்றுக்கும் பரிகாரம் என்று துண்டு கொடுப்பார்களே, அந்த வகையில் ஒருவர் என்று பெரியம்மா முடிவு செய்துவிட்டார். இல்லை, இவர் பஸ் ஓட்டியவர் என்றேன். அது காதில் விழவில்லை. "எத்தினை வருசமா இந்தத் தொழில் எண்டு கேளும்" என்றார். கேட்டேன். முப்பது வருடம், ஒரு உயிரும் போகவில்லை என்று அவர் பெருமையோடு சொன்னார். அதை நானே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. பெரியம்மா உடனே தன் முழங்காலைக் காட்டினார். அவரும் தன் முழங்காலைத் தட்டிக் காட்டி, போத்தலை எடுத்து, காலையும் மாலையும் பூசவேண்டும் என்று கையால் விளக்கினார். அதற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

பிறகு பெரியம்மா குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை இல்லாததுக்குக் காரணம் என்ன எண்டு ஒருக்காக் கேளுமன்."

நான் மாட்டேன் என்றேன். என் மனைவி அடுத்த வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். ஆங்கிலத்தில், மிக மரியாதையாக, உங்கள் தோட்டத்தில் ஒரு சாதிக்காய் மரம் காய்க்காவிட்டால் அதற்கு என்ன காரணம் என்று கேட்டாள்.

அவருக்குப் பிடித்த விஷயம். முகம் மலர்ந்தது. சாதிக்காயில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு என்றார். நட்டு, தண்ணீர் ஊற்றி, வருடக்கணக்காகக் காத்திருந்து, பூத்த பிறகுதான் எது எது என்று தெரியும். காய்க்கவில்லையா, அது ஆண் மரம். வேறு பேச்சே இல்லை. பாவம், அதைத் திட்டியும் பயனில்லை.

பெரியம்மா ஆவலோடு பார்த்தார். மனைவி என்னை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே, "ஆம்பிளையிலைதான் பிழையாம் பெரியம்மா. ஏசிப் பிரயோசனம் இல்லையாம்" என்றாள்.

என் வாயில் பற்றிஸ் இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. பெரியம்மா எழுந்து வந்து என் மனைவியின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். "என்ர பிள்ளையை நான் என்னெல்லாம் கேட்டுப்போட்டன்" என்று அழுதார். என் மனைவியும் அழுதாள். அது நடிப்பில்லை. அடுத்த வீட்டுக்காரர் மரங்களுக்காக இவ்வளவு அழுகிற சனத்தை முதன்முதல் கண்டு, தானும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

திரும்பி வரும் ரயிலில் அவர் எதிரில் இருந்து நித்திரையாகிவிட்டார். நான் மனைவியோடு சண்டைக்குப் போனேன். ஏன் பொய் சொன்னீர், டொக்டர் என்ன சொன்னவர், ரெண்டு பேரிலும் குறையில்லை எண்டெல்லோ சொன்னவர், நாளைக்கே ரெலிபோன் எடுத்து உண்மையைச் சொல்லும் என்று அடுக்கினேன். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ, காரணம் தெரியாது எண்டு சொன்னா இவை விடுவினமோ? ஆரிலையாவது ஒராளிலை போடாமல் விடமாட்டினம். நாலு வருசம் நான் சுமந்தனான். இனிக் கொஞ்ச நாள் நீங்கள் சுமவுங்கோ."

வெட்கத்தைச் சொல்லி என்ன, அவள் சொன்னது நியாயம் என்று தெரிந்தும் பல நாள் உம்மென்று திரிந்தேன். பெற்றோல் அடிக்க வரும் தமிழ் ஆட்கள் பம்ப் நம்பரைச் சொல்லமுதல் என் முகத்தைப் பார்த்தார்கள். ஒருவர் மிச்சக் காசை வாங்காமல், "வைச்சுக்கொள்ளும் தம்பி" என்றார். அதற்கும் இதற்கும் என்ன தொடர்பென்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. எங்கள் வீட்டுத் தொலைபேசியோ அடித்துக்கொண்டே இருந்தது. எல்லாம் மனைவிக்கு. என்ன சமைத்தாய், எந்தச் சாரி கட்டுவாய், நீ வராமல் சாமத்திய வீடு நடக்காது. விசேஷம் உண்டோ என்று ஒருவரும் கேட்கவில்லை. பெரியம்மா ஒருபடி மேலே போய், முதல் ஆராத்தி நீதான் எடுக்கவேணும் என்று சொல்லிவிட்டார். எங்களில் ஆராத்தி எடுக்கச் சுமங்கலிப் பெண்கள் இரண்டு பேரைக் கூப்பிடுவார்கள். முதல் சோடிக்குப் பிள்ளை குட்டியோடு நிறைவாக இருப்பவர்களைத்தான் தேடுவார்கள். மனைவி அன்றைக்கு அலமாரியைத் திறந்து எல்லாச் சாரிகளையும் கட்டிலில் பரப்பி வைத்துக்கொண்டு இருந்தாள். நான் கதவடியில் நின்று பார்த்துவிட்டுப் போனேன்.

இவ்வளவும் வாசித்தவர்கள், முடிவில் எங்களுக்குப் பிள்ளை பிறந்திருக்கும் என்று எதிர்பார்ப்பீர்கள். பிறக்கவில்லை. பிறகும் பிறக்கவில்லை. சாதிக்காயை ஒரு நாளாவது பாலில் உரைத்துக் குடித்தீரா என்று கேட்டால், குடித்தேன். நல்ல நித்திரை வந்தது.

சாமத்திய வீடு இல்ஃபோர்டில் ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. மேடையில் அன்னப்பட்சி வைத்த ஊஞ்சல், அதில் பெரியம்மாவின் பேத்தி. வீடியோக்காரர் ஒருவர் பெரிய லைட்டோடு அங்குமிங்கும் ஓடித் திரிந்தார். அடுத்த வீட்டுக்காரருக்கும் அழைப்பு. முழங்கால் நோவு குறைந்துவிட்டதாம், ஆகையால் "டொக்டர்" கட்டாயம் வரவேண்டும் என்று பெரியம்மா உத்தரவு போட்டிருந்தார். அவர் என் பக்கத்தில் இருந்து ரோல்ஸில் சாதிக்காய் துருவிக்கொண்டிருந்தார். அதைப் பார்ப்பதற்கென்றே மூன்று கதிரை தள்ளி ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அறிவிப்பாளர் ஆராத்திக்குப் பெண்களைக் கூப்பிட்டார். பெரியம்மா என் மனைவியின் கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றினார். நெய்யில் நனைத்த திரிகளை வாழைப்பழத் துண்டுகளில் குத்தி, கொளுத்தி, தட்டைக் கையில் கொடுத்தார். மற்றப் பெண்ணும் வந்து மறுபக்கம் தட்டைப் பிடித்தாள். அப்போது முன்வரிசையில் இருந்து ஒரு குரல். பேத்தியின் தகப்பன் பக்கத்து மூத்த மனுசி ஒருவர். மைக்குக்கு மிகக் கிட்ட இருந்தபடியால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"பிள்ளை பெறாதவளையோ முதலிலை விடுறியள்?"

மேளக்காரர் நிறுத்திவிட்டார். என் மனைவி தட்டோடு அப்படியே நின்றாள். தலை குனிந்து திரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மண்டபத்தை விட்டு இறங்கினால் இனி ஒருநாளும் இந்தச் சனத்துக்குள் வரமாட்டாள் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

பெரியம்மா மைக்கைப் பறித்தார். "அவளிலை ஒரு குறையும் இல்லை! குறை ஆரிலை எண்டு எல்லாருக்கும் தெரியும்."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. வீடியோக்காரரும் லைட்டை என் பக்கம் திருப்பினார். வெளிச்சத்தில் கண் கூசியது. என் கையில் பாதி ரோல்ஸ். ஆஸ்பத்திரி டொக்டர் சொன்ன வசனம் நாக்கு நுனியில் வந்து நின்றது. இரண்டு பேரிலும் குறையில்லை, காரணம் தெரியாதது என்று ஒரு வகை. அதைச் சொன்னால் நான் தப்புவேன்.

எழுந்து நின்றேன்.

"ஓம்," என்றேன். செருமிவிட்டு உரத்துச் சொன்னேன். "குறை என்னிலைதான். மருந்தெடுக்கிறன்."

பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். எங்கள் மண்டபங்களில் எதைச் சொன்னாலும், மைக்கில் காரை எடுங்கோ என்று இலக்கத்தகடு வாசித்தாலும், கைதட்டுவதற்கு ஒருவர் இருப்பார். அவர் தட்ட அடுத்தவர் தட்டினார், எங்கள் மனேஜர் எழுந்து நின்று தட்டினார், மண்டபம் முழுவதும் தட்டியது. முன்வரிசை மனுசிகூட, மற்றவர்களைப் பார்த்துவிட்டு, கைப்பையை மடியில் வைத்துவிட்டு இரண்டு தரம் தட்டினார். மேளம் திரும்பத் தொடங்கியது.

நான் கதிரையில் இருந்தேன். தமிழ் ஒரு சொல்லும் தெரியாத அடுத்த வீட்டுக்காரரும் மற்றவர்களோடு சேர்ந்து பலமாகக் கைதட்டிவிட்டு, என் பக்கம் சாய்ந்து, உனக்கு என்ன பரிசு கிடைத்தது என்று கேட்டார்.

நான் மேடையைக் காட்டினேன். என் மனைவி தலையை நிமிர்த்தி ஆராத்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.